தொழில்: பெயிண்டர்

ரோலாவில் டைப்பிங் சென்டர் சகாயம் கேட்டார்,
"என்ன வேலைன்னு போட?"
ஆர்ட்டிஸ்ட் என்றேன்.
கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்த்தார்.
"லிஸ்ட்ல பாடுறவங்களுக்கு ஒண்ணு இருக்கு தம்பி,
அதுக்குத் தனி அனுமதி வேணும்."
இல்லை, கேமுக்கு. கம்ப்யூட்டரில் செய்கிறேன்,
பீப்பாய், படிக்கட்டு, சுவர், இந்த மாதிரி.
சுவர் என்றதும் முகம் தெளிந்து
தட்டினார்.
அரபியில், வலமிருந்து இடமாக,
பெயிண்டர் ஆனேன்.

திருத்த நானூறு திர்ஹாம்.
அப்படியே இருக்கிறேன்.

அதற்கு முன் மூன்று வருஷம்
ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் அலுமினிய ஜன்னல்.
பகலெல்லாம் அடுத்தவர் வீட்டு வெளிச்சத்துக்கு
அளவு போட்டுவிட்டு
இரவில் மேல்கட்டிலில், போர்வைக்குள்,
வயிற்றைச் சுடும் லேப்டாப்.
கீழ்க்கட்டில் இத்ரீஸுக்கு நாலு மணிக்கு பேக்கரி.
"வெளிச்சம் ஒழுகுதுடா" என்பான்.
போர்வையை இன்னும் இழுத்துவிட்டு
வியர்வையோடு ஒரு கையின் ஐந்து விரலைச்
செய்து செய்து அழித்தேன்.
கட்டைவிரல் இன்றுவரை வரவில்லை.

முப்பத்தொன்பது கம்பெனி வேண்டாம் என்றது.
பதிலே போடாதவை தனி.
நாற்பதாவது கேட்டது ஒரு பீப்பாய்:
ஐந்து நாள், எழுநூறு முக்கோணத்துக்குள்.
துரு தேடி ஸ்கிராப் யார்டுக்குப் போனேன்.
"எதுக்கு போட்டோ?" என்று வாட்ச்மேன் வந்தான்.
நல்ல துருவாக இருக்கிறது என்றேன்.
யோசித்தவன், பின்பக்கம் கூட்டிப்போய்
இன்னும் நல்லதைக் காட்டினான்.

வேலை கிடைத்த அன்று அம்மாவுக்குப் போன்.
கேம் கம்பெனி என்றது
அவள் காதில் கேஸ் கம்பெனி என்று விழுந்துவிட்டது.
ஜன்னலைவிட எழுநூறு குறைச்சல் சம்பளம்.
ஊரில் இரண்டு ஜாதகம் வந்திருக்கிறதாம்.
நான் இன்னும் திருத்தவில்லை,
அதற்குக் கட்டணம் ஒன்றும் இல்லை என்றாலும்.

துபாய், பதினாலாவது மாடி.
தூரத்தில் ஒரு கோடு கடல்.
அதைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை,
திரையில் டிராகன் எரித்துப்போன நகரம்,
என் பங்குக்கு அதன் வடக்குச் சந்து.
முதல் சுவருக்கு ஒன்பது நாள்.
காரை பெயர்ந்தது. கரி படிந்தது.
ஆனாலும் சுவராக இல்லை, தாள் மாதிரி நின்றது.
பத்தாம் நாள் ஜன்னலுக்குக் கீழே
ஒரு கறையை இறக்கினேன்:
மேலே சுண்ணாம்பு வெளுப்பு, நடுவில் பாசி,
தரையை நெருங்கும்போது கழுத்துக்கயிறு மாதிரி மெலிந்த பழுப்பு.
சுவர் மூச்சு விட்டது.

ரனீம் பெரிதாக்கிப் பார்த்தாள்.
எங்கள் டீமுக்கு லீட், அம்மான் ஊர்க்காரி.
"இது என்ன?"
ஏசி தண்ணி.
"டிராகன் ஊரில் ஏசியா?"
வரிசை முழுக்கச் சிரித்தது. நானும்.
சிரித்து முடித்தபின்னும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அழிக்காதே. ஃபைல் பேரை மட்டும்
மழைக்கறை என்று மாற்று."

வியாழன் டெஸ்டிங்.
பக்கத்து வரிசை ஜெரால்ட்
பூதம் துரத்த என் சந்துக்குள் ஓடினான்.
ஒன்றரை வினாடி. கடந்துவிட்டான்.
நில்லு நில்லு, இடதுபக்கச் சுவரைப் பார் என்று
கத்திவிட்டேன், ஆபீஸ் என்பதை மறந்து.
திரும்பினான்.
முதுகில் அம்பு. விழுந்தான்,
என் சுவருக்கு முகம் காட்டி.
கறை எப்படி என்றேன்.
மறுபடி தொடங்க பட்டனை அழுத்திக்கொண்டே
"எந்தக் கறை?" என்றான்.

இரவு பஸ் இறங்கி நடக்கையில்
சட்டைக் காலருக்குள் ஒரு சொட்டு.
நிமிர்ந்தேன். மூன்றாவது மாடி, பழைய ஜன்னல் ஏசி,
அதன் கீழே தரைவரை நீளமாக ஒன்று,
நான் நினைத்திராத ஒரு ஆரஞ்சு.
போனை எடுத்தேன். கடைக்காரர் முறைத்தார்.
இன்னும் பதினோரு சுவர் பாக்கி.